எண் 87, திரும்பவில்லை

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு வடக்கே
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
புலி, மயில், ராணுவ வீரன், கத்தரிக்காய்
எல்லாம் நாள் வாடகைக்கு.
மார்ச் வந்தால் யூகேஜி பிள்ளைகளுக்கு
முழங்கால் அளவுக் கறுப்பு அங்கி.
தொப்பி நழுவி மூக்கில் வந்து நிற்க
பட்டம் பெற்று ஒன்றாம் வகுப்புக்குப் போவார்கள்.

கல்லூரி என்றால் கணக்கு வேறு.
இருநூற்றுப் பன்னிரண்டு அங்கி,
அத்தனை தொப்பி, அத்தனை குஞ்சம்,
கழுத்துப் பட்டைக்குள் வெள்ளைப் பெயிண்டில் எண்.
வாடகை நூற்றிருபது. முன்பணம் முந்நூறு.
ஊக்கு இலவசம்.
குஞ்சம் வலப்பக்கம் தொங்க வேண்டும்,
பட்டம் வாங்கியபின் இடப்பக்கம் மாற்ற வேண்டும் என்று
இருநூற்றுப் பன்னிரண்டு முறை சொன்னேன்.
மேடை மின்விசிறி
தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது.

மாலை ஐந்துக்கு எண்ணினேன். ஒன்று குறைந்தது.
மறுபடி எண்ணினேன். அதே ஒன்று.
எண் 87. மா. முனிலட்சுமி, கணிதம், ராயக்கோட்டை பக்கம்.
போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.
துணியும் தையலும் சேர்த்து எழுநூற்றைம்பது.
முந்நூறைப் பிடித்துக்கொண்டாலும்
நட்டம் எனக்குத்தான்.
மறுநாள் ஞாயிறு. வண்டியை எடுத்தேன்,
திட்டவேண்டிய சொற்களை
வழிநெடுக அடுக்கிக்கொண்டே.

சாலையோரம் தக்காளி கொட்டிக் கிடந்தது.
கிலோ நாலு ரூபாய், பறிகூலிக்கே காணாதாம்.
மாடுகளும் முகம் திருப்பிக்கொண்டன.

அந்த வீட்டு வாசலில்
கவிழ்த்துப் போட்ட தக்காளிப் பெட்டிமேல்
என் எண்பத்தேழை அணிந்து
ஓர் அம்மாள் அமர்ந்திருந்தார்.
"சிரி மாதம்மா, கேஸ் போட்ட மாதிரி இருக்காதே"
என்று போன் பிடித்திருந்தான் ஒருவன்.
பின்னால் ஏழெட்டுப் பேர், அடுத்தடுத்துப் போட்டுக்கொள்ள.
கல்லூரி மேடையில்கூட
அவ்வளவு ஒழுங்கான வரிசை இல்லை.

பொண்ணு எங்கே என்றேன்.

"நேத்தே போயிட்டாளே, ரெண்டாம் ஷிப்டு.
அரைநாள்தான் லீவு.
எனக்குப் பறிப்பு வேலை, பாக்க வர முடியல.
காட்டணும்னு இதைப் போட்டுக்கிட்டே பஸ்ல வந்தா.
வக்கீலம்மாவுக்கு வழி விடுங்கன்னாராம் கண்டக்டர்.
ஓசூர் கம்பெனி வண்டி ஆரனடிச்சதும்
கழட்டி எங்கிட்ட குடுத்துட்டு ஓடிட்டா.
உள்ள போன் விடமாட்டாங்க.
அங்கயும் இதே மாதிரி ஒண்ணு மாட்டணுங்க, நீலத்துல.
தலைக்கும் தொப்பி, முடி வெளிய தெரியக் கூடாது.
நம்பரும் போட்டிருக்கும்."
கொஞ்சம் யோசித்து,
"குஞ்சம்தான் கிடையாது" என்றார்.

அடுக்கிவந்த சொற்களில் ஒன்றுகூட
வாய்க்கு அளவாக இல்லை.

தொழில் புத்தி சும்மா இருக்குமா?
தோளில் செந்நிறத் துணி புரண்டு கிடந்தது.
"உள்பக்கம் வெளியே தெரியணும்மா" என்று
சட்டைப் பை ஊக்கை எடுத்துக் கொடுத்தேன்.
தொப்பியைத் தட்டையாக வைக்கச் சொன்னேன்,
மேலே தண்ணீர் டம்ளர் நிற்கிற மாதிரி.
வைத்துக்கொண்டார். நின்றது.
"குஞ்சம் எந்தப் பக்கங்க?"

வாங்காதவர்க்கு வலப்பக்கம்.
வாங்கியவர்க்கு இடப்பக்கம்.
வரிசை முழுக்க என் வாயையே பார்த்தது.
முடிவு செய்து உதவ
அங்கே மின்விசிறியும் இல்லை.

பேரேட்டில் எழுதியிருக்கிறேன்:
எண் 87, ஒருநாள் தாமதம்.
அபராதம், அரைப்பெட்டி தக்காளி.
கழுத்தில் மஞ்சள் கறை,
சலவைக்குப் பின்னும் லேசாக.
முன்பணம் முந்நூறு என்னிடமே இருக்கிறது.
ரசீதில் இருப்பது அவள் கையெழுத்து,
அவள்தான் வந்து வாங்க வேண்டும்.
இரண்டு மாதம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு என்று
சொல்லி அனுப்பியிருக்கிறேன்.